ரெஸ்யூமேயில் உங்கள் ஜாதகம் எதற்கு?

இந்த வாரமும் அப்படி ஒரு ரெஸ்யூமே வந்தது. முதல் பக்கத்தின் மேல்பாதியில் பாஸ்போர்ட் அளவுப் படம், தந்தை பெயர், பிறந்த தேதி, இனம், சமயம், திருமண நிலை, பிள்ளைகள் எத்தனை பேர், புளோக் எண்ணும் மாடி எண்ணுமாக வீட்டு முகவரி, ஓர் எழுத்துக்கூட விடாமல் அடையாள அட்டை எண். பாதிப் பக்கம் தாண்டிய பிறகுதான் அவர் என்ன வேலை பார்த்தவர் என்பதே தெரிந்தது. சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போய் ஆறு மாதமாகிறது. நூறு இடங்களுக்காவது அனுப்பியிருப்பேன், ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார். எப்படிக் கூப்பிடுவார்கள்?

வேலை தேடுவோருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதற்கு முன் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். வரன் பார்க்கும் வீட்டுக்கு ஜாதகம் கொடுத்தனுப்புவதுபோல ரெஸ்யூமே அனுப்பும் பழக்கம் நம்மவர்களை இன்னும் ஏன் விடவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. எடுத்துவிடுங்கள் என்றால், சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "எதையோ மறைக்கிறான் என்று நினைத்துவிட மாட்டார்களா?"

மாட்டார்கள். கேட்காததைச் சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது. ஆள் எடுப்பவர் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா? உங்கள் சமயமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதற்கு விடை சொல்லாது. விண்ணப்பப் படிவங்களிலேயே வேலைக்குத் தொடர்பில்லாத இத்தகைய விவரங்களைக் கேட்கக்கூடாது என்று அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. வயது, இனம், சமயம், திருமண நிலை, பராமரிப்புப் பொறுப்பு போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மை மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்திலேயே நிறைவேறியது. கேட்கவே கூடாது என்று முதலாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில், நாமே வலியப் போய்த் தட்டில் வைத்து நீட்டுகிறோம்.

அடையாள அட்டை எண் இன்னும் மோசம். சட்டம் கேட்டாலோ, ஆள் இன்னார்தான் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டும் என்றாலோ தவிர, நிறுவனங்கள் முழு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் அனுப்புவது அவர்களுக்கும் தலைவலி. வேலை உறுதியான பிறகு மத்திய சேம நிதிக்காகக் கேட்பார்கள், அப்போது கொடுங்கள். அதுவரை பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "வீட்டிலிருந்தே வேலை, உடனே ரெஸ்யூமே அனுப்புங்கள்" என்று வருகிற முகம் தெரியாத ஆளுக்கும் இதே தாள்தானே போகிறது? முகவர் என்று சொல்லிக்கொண்டால் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் மோசடித் தடுப்பு உதவிச் சேவையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று எழுதி, இடமும் தேதியும் போட்டுக் கையொப்பம் இடுகிறீர்களே, அதை இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் காட்டும் பட்டங்களுக்கு 2023 செப்டம்பர் முதல் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய் சொன்னால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முடிக்காத படிப்பை முடித்ததாக எழுதிவிட்டு அதன் கீழே உறுதிமொழியும் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது!

சரி, அந்த அரைப்பக்கம் காலியானதும் அங்கே எதைப் போடுவது? அந்தக் கிடங்கு மேற்பார்வையாளர் தம் இருபது ஆண்டு உழைப்பைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: "சரக்கு வரவுக்கும் வெளியேற்றத்துக்கும் பொறுப்பு." இது அந்தப் பதவிக்கான விளம்பரத்தில் இருக்கவேண்டிய வாக்கியம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதை எழுதலாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "இதில் சொல்ல என்ன இருக்கிறது மேடம்? எல்லாரும் செய்வதுதானே" என்றார். விடாமல் துருவியபோது ஒவ்வொன்றாக வந்தது. மூன்று ஷிப்டுகளில் 18 பேர் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். ஆண்டுக் கணக்கெடுப்புக்காகக் கிடங்கை இரண்டு நாள் மூடும் வழக்கம் இருந்தது. இவர் வாரத்துக்கு ஒரு ரேக் வரிசை என்று பிரித்து எண்ண வைத்தார். அதற்குப் பிறகு கிடங்கை மூடவேண்டிய தேவையே வரவில்லை.

இது எங்கேயும் எழுதப்படவில்லை. ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழோ கடைசிப் பக்கத்தில், "பொழுதுபோக்கு: பூப்பந்து" என்பதற்கும் கீழே கிடந்தது. இப்போது முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மூன்று ஷிப்டுகளில் 18 பேரை வழிநடத்தினேன். வாராந்தரக் கணக்கெடுப்பைக் கொண்டுவந்து, ஆண்டுதோறும் கிடங்கை இரண்டு நாள் மூடும் நிலையை மாற்றினேன்."

தற்பெருமையாகத் தெரியாதா என்று கேட்கிறார்கள். "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவோடு இணைந்து செயல்படுபவன்" என்று எழுதுவதுதான் தற்பெருமை. அதைக் கூசாமல் எழுதுகிறோம். செய்த வேலையைக் கணக்கோடு சொல்லத்தான் நமக்கு நா எழுவதில்லை.

விண்ணப்பங்களை வடிகட்டும் கம்ப்யூட்டர்தான் தள்ளிவிடுகிறது என்று பழிபோடுகிறவர்களுக்கு: அரசின் வேலைவாய்ப்பு இணையத்தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் வரும் விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். அங்கே கேட்கும் திறன் உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் அதே சொல்லால் எழுதுங்கள். ஒரே தாளை நூறு இடங்களுக்கு அனுப்புவதைவிடப் பத்து இடங்களுக்குப் பத்து விதமாகத் திருத்தி அனுப்புவது மேல். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். கட்டங்களும் அலங்காரமும் வேண்டாம். பணம் கொடுத்து எழுதி வாங்கவும் வேண்டாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசின் கரியர்ஸ் கனெக்ட் வேலைவாய்ப்பு நிலையங்களிலும் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

இடையில் வேலையை விட்டிருந்த பெண்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஆண்டுகளை மறைக்கத் தேதிகளை நீட்டாதீர்கள். சேம நிதிக் கணக்கில் அந்த மாதங்கள் வெறுமையாகத்தான் இருக்கும், கேட்டால் அவமானப்படுவது நீங்கள். "2021–2023: குடும்பத்தில் முதியவரைப் பராமரித்தேன்" என்ற ஒரு வரி போதும். என்ன நோய், யார் பார்த்துக்கொள்ள மறுத்தார்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம் அம்மா.

அப்புறம், கோப்பின் பெயர். "ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2" என்று தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் போடுங்கள். ஒரு நாளில் எத்தனை "ஃபைனல்" வந்து குவிகிறது என்பது ஆள் எடுப்பவர்களுக்குத்தான் தெரியும்.