மழையில் சுவர் ஒழுகட்டும்

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். அந்த ஏற்றத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் கடக்க, மலைச்சரிவை வெட்டித்தான் சாலை போட்டிருக்கிறார்கள். வெட்டிய இடங்களில் தலைக்கு மேலே நிற்பது கெட்டிப் பாறை மட்டுமல்ல. இந்த மலையின் சார்னோகைட் என்னும் கடினப் பாறை சிதைந்து உண்டான மண்ணும், அதில் புதைந்த உருண்டைக் கற்களும்.

மழைநீர் மண்ணின் இடுக்குகளை நிரப்பியதும், அதன் அழுத்தம் துகள்களுக்கு இடையிலான பிடியைத் தளர்த்துகிறது. மண்ணின் எடையோ கூடுகிறது. கீழே பாறை நீரை உறிஞ்சாது. மண்ணும் பாறையும் சேருமிடத்தில் வழுக்கல் தொடங்குகிறது. ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அது எந்த வழியாக இறங்குகிறது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

தடுப்புச் சுவரைக் கவனியுங்கள். அதில் சாண் அகலம்கூட இல்லாத ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பின்னால் ஜல்லி நிரப்பியிருந்தால் நீர் மட்டும் வெளியே வரும், மண் தங்கும். ஜல்லியில் சிக்கனம் பிடித்தால் சேறு அடைத்துக்கொள்ளும். அடைமழையில் ஓட்டைகள் காய்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள்; தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கிக்கொண்டிருக்கலாம். சாலையடியில் போகும் குழாய்ப்பாலத்தில் தழையும் பிளாஸ்டிக்கும் அடைத்தாலும் இதே கதிதான்: நீர் தார்ச்சாலையைத் தாண்டி வழிந்து, பள்ளத்தாக்குப் பக்கத்து விளிம்பை அரித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வாருவது மலிவு. சுவரைத் திரும்பக் கட்டுவது பல மடங்கு செலவு.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகுதான் ஏற்காட்டை அடித்து நனைத்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது. காற்று தணிந்தாலும் மழை தணிவதில்லை. முன்னறிவிப்பின் நிற எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்குமானது. பாதையை எப்போது மூடுவது என்பதற்கு மலையிலுள்ள மழைமானியையும், முந்தைய நாட்களில் மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் பெய்யும் 5 செ.மீ., காய்ந்த மண்ணில் விழும் 10 செ.மீ.யைவிட ஆபத்தாகலாம். குப்பனூர் வழி மாற்றுப்பாதை இருப்பதால் மூடும் முடிவு எளிதாகிறது. அதுவும் மலைச்சாலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சாலை விளிம்பையொட்டி நீளவாக்கில் வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மரம், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது ஆகியவை முன்னறிகுறிகள். சரிந்த பிறகு அவசரப்பட்டுப் பொக்லைனை விட்டு அடிமண்ணை வாரினால், மேலே எஞ்சிய மண்ணுக்கு முட்டாக இருந்ததே போய்விடும். மழை விட்டபின், மேலே தொங்கும் கற்களை முதலில் இறக்கிவிட்டு, ஒருவர் சரிவையே பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும்.