டாக்ஸ் இணைப்பில் ‘லேட்டஸ்ட்’ என்று போடுவதற்கு முன்

மறுபடியும் அதே புகார். டாக்ஸில் (மென்பொருளின் பயன்பாட்டு ஆவணத்தில்) இருக்கும் கட்டளையை அப்படியே ஒட்டினால் ‘அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை’ என்று பிழை வருகிறதாம். மென்பொருளில் கோளாறே இல்லை. திட்டத்தின் முகப்பிலுள்ள ‘டாக்ஸ்’ பொத்தான், இன்னும் வெளியிடாத பதிப்பின் ஆவணத்துக்குப் போகிறது. பயனரின் கணினியில் இருப்பதோ போன வருட வெளியீடு.

ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் ‘லேட்டஸ்ட்’ என்றால் கடைசியாக வெளிவந்த பதிப்பு அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. இயல்பாக அது களஞ்சியத்தின் (நிரலை வைத்திருக்கும் இடத்தின்) முதன்மைக் கிளையை, அதாவது வேலை நடந்துகொண்டிருக்கும் நிரல் வரிசையைக் காட்டும். நேற்றிரவு யாரோ சேர்த்து, நாளை திரும்பப் பெறக்கூடிய மாற்றமும் அதில் இருக்கும். வெளியான பதிப்புகளில் உயர்ந்த எண்ணுள்ளதைக் காட்டுவது ‘ஸ்டேபிள்’. அதுவும் டேக்கின் (வெளியீட்டைக் குறிக்கும் அடையாளத்தின்) அல்லது கிளையின் பெயர் 2.4.1 போல முறையான பதிப்பு எண்ணாக இருந்தால்தான் உருவாகும். எம்கேடாக்ஸ் என்ற ஆவணக் கருவியோடு, பதிப்புகளை நிர்வகிக்கும் மைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘லேட்டஸ்ட்’ வெறும் மாற்றுப்பெயர், எந்தப் பதிப்போடு கட்டுகிறீர்களோ அதைக் காட்டும். ஒரு கருவியில் படித்ததை இன்னொன்றில் நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் இந்தக் குழப்பமே வேண்டாமென்று ‘கரன்ட்’ (வெளியான பதிப்பு), ‘டெவல்’ (உருவாகிவரும் பதிப்பு) என இரண்டையும் தனித்தனிப் பெயரில் வைத்திருக்கிறது. நல்ல முன்மாதிரி.

முகப்புக்கும் அறிமுகப் பக்கங்களுக்கும் ஸ்டேபிள் போதும். ஆனால் நிரல் காட்டும் பிழைச் செய்தியிலும் உதவித் திரையிலும் உள்ள இணைப்பில் பதிப்பு எண் இருந்தே ஆக வேண்டும். 2.3 வைத்திருப்பவரை 3.0 பக்கத்துக்கு அனுப்பி என்ன பயன்? பைதான் தொகுப்புகளின் தளமான பைபிஐ-யில் ஏறும் ரீட்மீ (அறிமுகக் கோப்பு) அந்த வெளியீட்டோடு உறைந்துவிடும், பிறகு திருத்த முடியாது. அங்கேயும் எண்தான்.

பழைய பதிப்புப் பக்கங்களைத் தயவுசெய்து அழிக்காதீர்கள், இன்னும் அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டை வையுங்கள். ஸ்டேபிளில் அதே பக்கம் இருந்தால் ‘முதன்மைப் பக்கம் அதுதான்’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறியையும் சேருங்கள். அதோடு, தேடுபொறிகள் எதைத் திறக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் பழைய பதிப்புகளைத் தடுத்தால் எல்லாம் வீண்: பக்கத்தைத் திறக்கவே முடியாத தேடுபொறி அதிலுள்ள குறியை எப்படிப் படிக்கும்?

‘ஸ்டேபிள்’ முகவரியை 3.2-க்குத் திருப்பும்போது 302 (தற்காலிக ரீடைரக்ட்) போடுங்கள். 301 (நிரந்தர ரீடைரக்ட்) போட்டால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, 3.3 வந்த பிறகும் பழைய இடத்துக்கே கொண்டுபோகும். ஒரு பக்கம் நிரந்தரமாக இடம் மாறினால் மட்டும் 301.

அதிகம் உடைவது ஆங்கர்தான், அதாவது பக்கத்துக்குள் ஒரு தலைப்பைச் சுட்டும் குறி. முகவரியில் ‘#’ குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போவதே இல்லை; அதனால் சர்வர் பக்க ரீடைரக்டால் அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பிங்க்ஸ் ஆவணக் கருவியில் தலைப்பை மாற்றினால் தானாக உருவான ஆங்கரும் மாறிவிடும். பிறர் இணைக்கக்கூடிய ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே நீங்களே ஒரு லேபிள் (நிலையான பெயர்) எழுதிவிடுங்கள், தலைப்பு மாறினாலும் அதைத் தொடாதீர்கள்.

பதிப்பு மாற்றும் பட்டியல், படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தப் பதிப்பில் அது இல்லையென்றால் அதன் முகப்புக்கு. 404-க்கு (‘பக்கம் இல்லை’ என்ற பிழைக்கு) அல்ல.

ஸ்பிங்க்ஸின் இணைப்புச் சோதனையான லிங்க்செக்கைக் கமிட் (நிரல் மாற்றப் பதிவு) வரும்போது மட்டும் ஓட்டாமல், வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். வெளித்தளங்கள் உங்கள் கமிட்டுக்காகக் காத்திருந்து உடைவதில்லை. நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் ஒரு நிரல் வரியைச் சுட்டும்போது கிளைப் பெயரோடு நகலெடுக்காதீர்கள். ‘ஒய்’ விசையை அழுத்தினால் கமிட்டோடு கட்டிய முகவரி கிடைக்கும், அதை ஒட்டுங்கள்.