அப்பன் பலர் இருந்தால்தான் அடை நிறையும்

அழகர்கோவில் பக்கம் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் தேன்பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தை உருவி, வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். நல்ல பெட்டியில் மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் பாய் விரித்த மாதிரி இருக்கும். இந்த அடையில் நாலு அறைக்கு ஒன்று காலி. "ராணிக்கு வயசாயிருச்சு போல" என்றார். இருக்கலாம். ஆனால் அடையில் இப்படி ஓட்டை விழ இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி வைத்திருக்கும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேனீயில் பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. அதனால் ஆண் தேனீக்கு அப்பன் கிடையாது, அம்மாவைப் பெற்ற தாத்தா மட்டும் உண்டு. சரி, கருவுற்ற முட்டை எல்லாம் பெண்ணாகிவிடுமா? அங்கேதான் சிக்கல். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் சிஎஸ்டி என்றொரு மரபணு இருக்கிறது. ஐரோப்பியத் தேனீயில் 2003-ல் இதை அடையாளம் கண்டார்கள். நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயிலும் இதே ஏற்பாடுதான். இந்த மரபணுவில் பல வகைகள் உண்டு. தாயிடமிருந்து ஒரு வகை, தகப்பனிடமிருந்து வேறு வகை வந்தால் பெண். இரண்டும் ஒரே வகை என்றால், கருவுற்ற முட்டையாக இருந்தாலும் ஆண். அந்த ஆணால் பயன் இல்லை. முட்டை பொரிந்து அதிக நேரம் ஆவதற்குள் வேலைக்காரத் தேனீக்கள் மோப்பம் பிடித்து அந்தப் புழுவைத் தின்றுவிடும். அறை காலி.

கணக்கு எளிது. ஒரு வட்டாரத்தில் 20 வகைகள் சம அளவில் புழங்கினால், சராசரியாக நூறு முட்டைக்கு ஐந்து வீண். நாலே வகை என்றால் இருபத்தைந்து வீண். தோப்புக்காரர் கையில் இருந்த அடையைப் போலவே, நாலுக்கு ஒன்று.

ராணி மெனக்கெடுவது இந்த ஆபத்தைச் சமாளிக்கவும் உதவுகிறது. ஓர் ஆணின் வகை அவளுடையதோடு ஒத்துப்போனாலும், மற்ற ஆண்களின் வகை கைகொடுக்கும். வாழ்க்கையின் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு வானத்திலேயே இணைந்து, அந்த விந்தை ஆயுள் முழுக்கச் சேமித்து வைத்துக்கொள்கிறாள். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று நேரம் உண்டு. இலங்கையில் கவனித்தபோது கொம்புத்தேனீ உச்சி வெயிலிலும், அடுக்குத் தேனீ நாலு மணிக்கு மேலும், மலைத்தேனீ பொழுது சாயும்போதும் பறந்தன. ஒரே வானம்தான், ஆனால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

பல அப்பன்கள் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மதுரைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். புழு இருக்கும் இடம் 34, 35 டிகிரியில் நிற்க வேண்டும். சூடு ஏறினால் வேலைக்காரிகள் இறக்கையால் விசிறுவார்கள். எந்தச் சூட்டில் விசிறத் தொடங்குவது என்பது அப்பன் வழியில் கொஞ்சம் மாறும். எல்லோரும் ஒரே அப்பன் பிள்ளைகள் என்றால், மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்திவிடும், சூடு ஏறி இறங்கும். பல அப்பன் என்றால் ஒருத்தி பின் ஒருத்தியாகச் சேர்வார்கள், சூடு நிதானமாக நிற்கும். 2004-ல் ஐரோப்பியத் தேனீயில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

இந்தத் தேனீக்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேறு கருவி வேண்டும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பில் தனியாக இருக்கும் டிஎன்ஏ தாய்வழியில் மட்டும் இறங்கும். பெட்டியில் உள்ள அத்தனை தேனீயும் ராணியிடமிருந்து ஒரே பிரதியைத்தான் வாங்கியிருக்கும், அதனால் ஒரு பெட்டிக்கு ஒரு தேனீயைப் பரிசோதித்தால் போதும். தென்னிந்தியாவில் இப்படிப் பார்த்தபோது இரண்டு தனிக் கிளைகள் தெரிந்தன: சமவெளியில் மஞ்சள், மலையில் கறுப்பு. இரண்டும் தங்களுக்குள் கலப்பதில்லை என்பதற்கான சான்றை 2006-ல் ஒரு ஆய்வு தந்தது. கறுப்பைத் தனி இனமாகவே கருதி, 2022-ல் கேரள ஆய்வாளர்கள் கரிஞ்சொடியன் என்று பெயர் வைத்தார்கள். நம்மூர்ப் பெட்டிகளில் இருப்பது மஞ்சள்.

1991-92-ல் தாய்லாந்துச் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் பரவியது. புழு நீர் கோத்துப் பை போலாகிச் சாகும். கேரளத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன, தமிழ்நாட்டையும் அது விடவில்லை. பிழைத்த கொஞ்சத்திலிருந்து கூட்டங்கள் மறுபடி பெருகின. ஆனால் பிரித்துப் பிரித்துப் பெருக்கிய எண்ணிக்கைக்குள், அழிந்த கூட்டங்களோடு போன சிஎஸ்டி வகைகள் திரும்பி வருவதில்லை.

அப்புறம்தான் தோப்புக்காரரிடம் கேட்டேன், இத்தனை பெட்டியும் எங்கே வாங்கியது என்று. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து பிரித்ததாம். முன்பு வரப்போரம் ஒரு கிழட்டுப் புளியமரம் இருந்தது, அதன் பொந்தில் வருஷந்தோறும் காட்டுக் கூட்டம் குடியிருக்கும், மழையில் சாய்ந்துவிட்டது என்றார். புது ஆண்கள் அந்த மரத்திலிருந்துதான் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மலைக் கறுப்பைக் கொண்டுவந்தால் பயன் இல்லை. நத்தம் பக்கமோ மேலூர் பக்கமோ நோயில்லாத மஞ்சள் கூட்டமாகப் பார்த்து இரண்டு பெட்டி கொண்டுவாருங்கள் என்றேன். சட்டத்தை உள்ளே இறக்கி மூடியைச் சாத்திவிட்டு, நத்தத்தில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.