நரம்பு நோய் ஆய்வு: பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் அரசுப் பணம் வாங்குவது எப்படி? டெல்டா மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும்

மாநாட்டில் உங்கள் ஆய்வுச் சுருக்கம் தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்த பிறகு பணத்தைத் தேடத் தொடங்கினால் அநேகமாகத் தாமதமாகியிருக்கும். பயண உதவி தருகிற அரசு நிறுவனங்கள் மாநாட்டுத் தேதிக்கு வெகுமுன்பே விண்ணப்பத்தை வாங்கி, குழு கூட்டி, முடிவு சொல்கிறவை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்கள் என்று கணக்கு வைத்து வேலையைத் தொடங்குகிற ஊர்க்காரர்கள் நாம், அதே கணக்குதான் இங்கேயும். சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்புகிற வாரத்திலேயே பண விண்ணப்பத்தையும் எழுதி வைத்துவிடுங்கள், ஏற்புக் கடிதம் வந்ததும் அதை இணைத்து அனுப்பினால் போதும்.

எதற்கு இவ்வளவு அக்கறை என்றால், டெல்டாவில் நோயும் இருக்கிறது, படித்தவர்களும் இருக்கிறார்கள், நடுவில் பயிற்சிதான் குறைவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள், திருமலைசமுத்திரம் சாஸ்த்ரா, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், சிதம்பரம் அண்ணாமலை, கும்பகோணம் அரசுக் கல்லூரி என்று வரிசையாகச் சொல்லலாம். பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன், மறதி நோய் என்று வருகிறவர்கள் வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. பார்க்கின்சன் வந்த 110 பேரையும் வராத 358 பேரையும் ஒப்பிட்டதில், பாராகுவாட் களைக்கொல்லியையோ ரோட்டினோன் பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களிடம் அந்த நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகத் தொடர்புபட்டிருந்தது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, சரி. ஆனால் குறுவை, சம்பா, தாளடி என்று வருடம் முழுக்க வயலில் நிற்கிற மக்களுக்கு நடுவே வேலை பார்க்கிற நாம் இதே கேள்வியை முறையாகக் கேட்க வேண்டாமா? கேட்பதற்கு நோய்ப்பரவியல் தெரிய வேண்டும், நரம்புப் பரிசோதனையை ஒரே அளவுகோலில் செய்யத் தெரிய வேண்டும், புள்ளியியல் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளப் போகிற செலவுக்குத்தான் இந்தத் திட்டங்கள்.

முதலில் வெளிநாட்டு மாநாடு. எஸ்இஆர்பி என்று நாம் சொல்லிப் பழகிய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023இல் சட்டம் வந்து, 2024 பிப்ரவரி முதல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. பழைய இணையதளத்தின் படிவத்தைச் சீனியர் யாராவது அனுப்பினால் அதை நம்பி உட்காராதீர்கள், புதிய தளத்தில் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே சர்வதேசப் பயண உதவி என்று ஒரு திட்டம் உண்டு. கட்டுரை வழங்கவோ அமர்வுக்குத் தலைமை தாங்கவோ அழைப்பு இருக்க வேண்டும், சும்மா பார்வையாளராகப் போக முடியாது. நிரந்தர வேலை இருந்தால்தான் என்று இல்லை, முனைவர் பட்ட மாணவரும் விண்ணப்பிக்கலாம். சாதாரண வகுப்பு விமானக் கட்டணம், விசா கட்டணம் போன்றவற்றுக்குத்தான் பணம், ஊர் சுற்றுவதற்கு இல்லை. ஒருமுறை வாங்கியவர் அடுத்த வருடமே திரும்பக் கேட்க முடியாது. ஆகையால் முதல் வாய்ப்பை ஏதோ ஒரு சின்னக் கூட்டத்தில் செலவழித்துவிடாமல் உங்கள் துறையின் முக்கியமான மாநாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதே மாதிரி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், தன் நிறுவனங்களுக்கு வெளியே உள்ள மருத்துவ ஆய்வாளர்களுக்கும் பயண உதவி தருகிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் மாநாட்டுக்கும் பயணத்துக்கும் உதவுகிற சிடிஇபி என்ற திட்டமும், அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆரில் ஆய்வு மாணவர்களுக்கான பயண உதவியும் இருக்கின்றன. சென்னையில் இருக்கிற தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தை நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் நினைப்பதே இல்லை, அதுவும் வெளிநாட்டில் கட்டுரை வழங்குகிறவர்களுக்குச் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. இரண்டு மூன்று இடத்தில் விண்ணப்பிப்பது தவறில்லை, ஆனால் வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னால் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பேரிடம் முழுப் பணம் வாங்கக் கூடாது. ஒருவர் விமானத்துக்கும் இன்னொருவர் பதிவுக் கட்டணத்துக்கும் கொடுத்தால் அது பிரச்சினை இல்லை, கணக்கில் தெளிவாகக் காட்டிவிட்டால் போதும்.

பல திட்டங்களில் பணம் முன்கூட்டியே கைக்கு வராது. நீங்கள் செலவு செய்துவிட்டு வந்து ரசீது கொடுத்த பிறகுதான் திரும்ப வரும். வீட்டில் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயம் இல்லை, ஆகவே முன்பணம் உண்டா என்பதை அனுமதிக் கடிதத்தில் முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வழிகாட்டியின் ஆய்வுத் திட்டத்தில் பயணத் தலைப்பில் பணம் இருக்கிறதா, கல்லூரி முன்பணம் தருமா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிக்கெட்டை எந்த முகவரிடம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கும், அதைப் படிக்காமல் ஏதோ ஒரு செயலியில் மலிவாக இருக்கிறது என்று எடுத்துவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். போர்டிங் பாஸ், பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ் மூன்றையும் பத்திரமாக வைத்து, கையோடு போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அரசு மருத்துவர்களுக்குத் தனியாக ஒன்று. மாநாடு நடத்துகிற வெளிநாட்டு அமைப்பே விமானச் செலவையும் தங்குமிடத்தையும் தருகிறேன் என்றால் சந்தோஷம்தான், ஆனால் அதை அப்படியே ஏற்க முடியாது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு விருந்தோம்பல் பெற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கான படிவம் எஃப்சி-2, ஆன்லைனில் போட வேண்டும். இது போக மருத்துவக் கல்வி இயக்ககம் வழியாகத் தடையில்லாச் சான்றும் விடுப்பும் வாங்கவேண்டியிருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். மருந்து கம்பெனி செலவில் போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவர்களின் தொழில் ஒழுக்க விதிகளில் 2009 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தம் அதைத் தடுக்கிறது, 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறையும் மாநாட்டுக்குப் போகிற மருத்துவருக்குப் பயணச் செலவு தரக் கூடாது என்கிறது. அந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். நோயாளிக்கு மாத்திரை எழுதுகிற கை யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது. அதனால்தான் அரசுப் பணத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பயிற்சி. எம்பிபிஎஸ், பிடிஎஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்துகிற குறுகிய கால மாணவர் உதவித்திட்டம், எஸ்டிஎஸ் என்று சொல்வார்கள், இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகை ₹50,000. பணம் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். மாணவரும் வழிகாட்டியும் இருவருமே ஆன்லைனில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். தஞ்சாவூரில் பக்கவாதம் வந்தவர்கள் எத்தனை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், ஏன் தாமதம், வழியில் எங்கே நின்றார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதே நல்ல எஸ்டிஎஸ் தலைப்பு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் பேராவூரணியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ வருகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பொறுமையும் நல்ல கேள்வித்தாளும் போதும்.

கலை அறிவியல் கல்லூரிக்காரர்களுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் மூளை ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தால் அது பல வருட மாணவர்களுக்குப் போய்ச் சேரும். விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும், கோடை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதுவரை சொன்னது ஒருவர் வெளியே போவது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வெளியே இருப்பவர்களை இங்கே வரவழைப்பது. ஒருவர் ஐரோப்பா போய்வருகிற செலவில் மூளை அலைப் பதிவு படிக்கத் தெரிந்தவர், எம்ஆர்ஐ பட ஆய்வு தெரிந்தவர், புள்ளியியல் நிபுணர் என்று நாலைந்து பேரை ரயிலில் தஞ்சாவூருக்கு அழைத்து, இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்தி, டெல்டா முழுக்க இருந்து பிள்ளைகளை உட்காரவைக்கலாம். இதற்கும் பணம் உண்டு: அனுசந்தான் அறக்கட்டளை, ஐசிஎம்ஆர், உயிரித் தொழில்நுட்பத் துறை, சிஎஸ்ஐஆர், மாநில அறிவியல் மன்றம் எல்லாமே கருத்தரங்கு, பட்டறை நடத்தப் பகுதி உதவி தருகின்றன. பகுதி என்பதைக் கவனியுங்கள், முழுச் செலவையும் யாரும் தரமாட்டார்கள், மீதியைக் கல்லூரியும் பதிவுக் கட்டணமும் ஈடுகட்ட வேண்டும். விண்ணப்பத்தில் பேச்சாளர் பட்டியலை விட, கலந்துகொள்கிறவர்கள் யார், இரண்டு நாள் முடிவில் அவர்கள் கையில் என்ன திறமை இருக்கும் என்பதை எழுதுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, மேடை அலங்காரம் இவற்றுக்குப் பணம் கேட்காதீர்கள்.

பணம் வந்த பிறகுதான் பல கல்லூரிகள் தடுமாறுகின்றன. அரசுப் பணம் போகிற வழியைக் கண்காணிக்கிற பிஎஃப்எம்எஸ் தளத்தில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும், அறக்கட்டளையோ சங்கமோ நடத்துகிற நிறுவனம் என்றால் தன்னார்வ அமைப்புகள் பதிகிற அரசுத் தளமான என்ஜிஓ தர்பணின் எண்ணும் தேவைப்படும். நிகழ்ச்சி முடிந்ததும், மத்திய அரசின் நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் (யூசி), தணிக்கை செய்த செலவுக் கணக்கு, அறிக்கை மூன்றும் போக வேண்டும். செலவாகாத பணத்தையும், வங்கியில் இருந்த நாட்களுக்கு வந்த வட்டியையும் அரசுக்குத் திருப்ப வேண்டும், வட்டி நம்முடையது இல்லை. யூசி அனுப்பாமல் விட்டால் அடுத்த முறை அந்தக் கல்லூரியிலிருந்து வேறு யாராவது நல்ல விண்ணப்பம் போட்டாலும் சிக்கல்தான், ஒருவருடைய அலட்சியம் பத்துப் பேரைப் பாதிக்கும். வெளிநாட்டுப் பேச்சாளர் நேரில் வருவதாக இருந்தால் அவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது, மாநாட்டு விசா வேண்டும், அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும், தேவைப்பட்டால் உள்துறையின் நிகழ்ச்சி அனுமதியும் வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் வேலை.

அரசுக்கு வெளியே இருக்கிறவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆய்வு அமைப்பு, ஐபிஆர்ஓ, ஆசிய பசிபிக் பகுதி மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகளும் பயண உதவியும் நடத்துகிறது. 1957இல் தொடங்கிய உலக நரம்பியல் கூட்டமைப்பு இளம் நரம்பியல் மருத்துவர்களுக்குப் பயண உதவி தருகிறது. உலக வங்கிக் கணக்கில் இந்தியா கீழ்நடுத்தர வருமான நாடு என்பதால் பல மாநாடுகளில் நமக்குப் பதிவுக் கட்டணமே குறைவு, பதிவுப் பக்கத்தில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய நரம்பியல் கோளாறுகள் மற்றும் பக்கவாத நிறுவனம் மாநாடு நடத்த ஆர்13 என்ற நிதி தருகிறது, அதற்கு அமெரிக்க நிறுவனங்கள்தான் விண்ணப்பிக்க முடியும். ஆனால் அந்தப் பணத்தில் இளம் ஆய்வாளர்களின் பயணச் செலவும் அடங்கலாம் என்பதால் அப்படிப்பட்ட மாநாடுகளின் அமைப்பாளர்களுக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்.

எந்த விண்ணப்பமாக இருந்தாலும் நிறுவனத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் நகராது. டீன் அல்லது பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆகும் என்றே கணக்கிட்டு, கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, ஏற்புக் கடித நகலோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இணையதளம் திணறும், அதற்கு முன்பே சமர்ப்பித்து, விண்ணப்ப எண் வந்த பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.