மருந்துச் சீட்டு வாங்கியபின் யார் துணை?

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் “சாப்பிடுறேன் டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள், அப்புறம் உண்மை வரும். அளவு சரியாகிவிட்டதே என்று நிறுத்தியவர், கால் வீங்குகிறது என்று நிறுத்தியவர், வேலைக்கு ஓடும் அவசரத்தில் மறந்தவர், நோய் இருப்பது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைத்தவர். இந்தக் காரணங்களை மருத்துவருக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் எல்லாம் வருடக்கணக்கில் கூடவே இருப்பவை. அதில் மருத்துவரோடு பேசும் நேரம் ஆண்டுக்கு ஒரு மணிகூடத் தேறாது. உயர் ரத்த அழுத்தத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மருத்துவமனைக்குள் உட்கார்ந்துகொண்டு இவர்களையெல்லாம் எட்ட முடியாது. அதற்கு அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் துணைக்குழுக்கள் வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஒரு ஆய்வு 2018-இல் வெளியானது. 52 கடைகள், அங்கே வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கறுப்பின ஆண்கள் 319 பேர். எல்லோருக்குமே ரத்த அழுத்தம் அதிகம். ஒரு பிரிவுக் கடைகளில், வாழ்க்கை முறையை மாற்றுங்கள், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார். இன்னொரு பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (140/90 என்றால் அதில் 140) சராசரியாக 9 புள்ளி இறங்கியது. இரண்டாவதில் 27. நம்பிக்கையான ஆள் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் மருந்தும் கூடவே வந்தபோதுதான் பெரிய மாற்றம் வந்தது. ஆர்வத்தோடு குழு தொடங்குகிறவர்கள் பலர் வெறும் அறிவுரையோடு நின்றுவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 ஊர்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்விலும் இதே பாடம்தான். மருத்துவர் அல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு தேடிப் போனார்கள், மருத்துவர் மேற்பார்வையில் மருந்து இலவசமாகக் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளியும் சொந்தத்திலோ நட்பிலோ ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஒரு வருடத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மேல் அளவு சுமார் 11 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

நோய் வராமல் தடுப்பதில், பின்லாந்தின் வட கரேலியாவை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாரடைப்பால் நடுத்தர வயது ஆண்கள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்த பகுதி அது. ஏதாவது செய்யுங்கள் என்று மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா தலைமையில் வேலை தொடங்கியது. மார்த்தா என்ற பெண்கள் அமைப்பினர் ஊர் ஊராகச் சமைத்துக் காட்டி, வெண்ணெயைக் குறைக்கப் பழக்கினார்கள். புகைப்பதை விடவும் கொழுப்பைக் குறைக்கவும் போட்டிகள் நடந்தன. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

சரி, உங்கள் பகுதியில் ஒரு குழு தொடங்கினால் முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? ரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பது. முகாம்களில் வரிசையில் நின்றவரை அப்படியே உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே அளப்பதைப் பார்க்கிறேன். அந்த எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, புகை வேண்டாம். சிறுநீரை அடக்கி வைத்திருந்தாலும் அளவு ஏறும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வைக்க வேண்டும். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மறுபடி அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மேல் அளவு 180-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு. எண் குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது.

எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள், அது அவரவர் அந்தரங்கம்.

குழு கூடும்போது நடக்கிற பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நான் சொன்னால் தலையாட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர், “எனக்கும் வீங்குச்சு, போய்ச் சொன்னேன், வேற மாத்திரை கொடுத்தாங்க” என்று சொன்னால், மறுநாளே கிளம்பி வருவார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்று நிறுத்தியவரிடம், “சாப்பாட்டோட சேர்த்து எடுங்க, அப்படியும் சரியாகலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க” என்று சொல்ல, அதைத் தாண்டி வந்த ஒருவர் போதும். ஆனால் தன் மாத்திரையைப் பிறருக்குக் கொடுப்பதும், அளவைக் கூட்டிக் குறைக்கச் சொல்வதும் குழுவின் வேலை கிடையாது. ‘சர்க்கரையை அடியோடு குணமாக்கும்’ பொடி விற்க வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்லும் பேச்சு உயிரைப் பறிக்கும்.

முதல் கூட்டம் நடத்தும் முன், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் போய்ப் பேசுங்கள். நீங்கள் அனுப்பும் ஆளை அங்கே யார் பார்ப்பார், மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வந்தவர்களை விட வராதவர்களின் பெயரைக் கவனமாகக் குறித்து வையுங்கள். இரண்டு கூட்டத்துக்கு வராமல் போனவர் வீட்டுக்கு அந்த வாரமே ஒருவர் போக வேண்டும். போனதும் “ஏன் வரலை?” என்று ஆரம்பிக்காமல், மாத்திரை கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.