செரிப்ரல் பால்சி: பெயரில் தளர்ச்சி, உடலில் இறுக்கம்

மருத்துவச் சீட்டில் ‘சி.பி.’ என்று இரண்டே எழுத்து. பெற்றோர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது: சி.பி. பிள்ளை, சி.பி. சேர். விரித்தால் செரிப்ரல் பால்சி: வளரும் மூளையில் ஏற்பட்ட பழுதால் குழந்தையின் அசைவு பாதிக்கப்படும் நிலை. தமிழில் பெருமூளை வாதம், மூளை முடக்குவாதம் என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இவற்றில் எது சரி என்று கேட்பதற்கு முன், ஆங்கிலப் பெயர் எவ்வளவு சரி என்று பார்த்துவிடுவது நல்லது.

‘பால்சி’யின் வேர் கிரேக்கச் சொல்லான பராலிசிஸ். அதற்குள் இருக்கும் வினைக்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். அது லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து பால்சி ஆனது. பின்னால் அதே சொல்லை மருத்துவர்கள் முழு உருவிலும் எடுத்துக்கொண்டதால் பராலிசிஸ், பால்சி என்று ஆங்கிலத்தில் ஒன்றுக்கு இரண்டு. பழைய ஆங்கில விவிலியம் பால்சி என்று சொல்லும் இடத்தில் தமிழ் வேதாகமம் ‘திமிர்வாதம்’ என்கிறது. கால் திமிர்த்துப்போவது என்கிறோமே, அந்தத் திமிர். உணர்வு மரத்து, வலுவிழந்து கிடப்பது.

ஆனால் சி.பி. உள்ள குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேரிடம் காண்பது இதற்கு நேர் எதிரானது. கை கால் துவண்டு கிடப்பதில்லை, விறைத்து நிற்கிறது. இந்த வகைக்கு ஸ்பாஸ்டிக் என்று பெயர். அதன் கிரேக்க வேருக்குப் பொருள் ‘இழு’. தமிழிலும் இதே படிமம் உண்டு. இசித்தல் என்றால் இழுத்தல், அதிலிருந்து இசிவு. துடுப்பு வலிப்பதும் இழுப்பதுதான், அதிலிருந்து வலிப்பு. அழகான சொற்கள். ஆனாலும் ஸ்பாஸ்டிசிட்டியை இசிவு என்று எழுதுவதில் சிக்கல் இருக்கிறது. இசிவு என்றதும் வீட்டார் ஃபிட்ஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சி.பி. குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உண்மையான வலிப்பும் இருப்பதால், இரண்டும் கலந்தால் மருந்து விஷயத்தில் குழப்பம் வரும். எனவே வந்து போவதற்கு வலிப்பு, தசையில் எப்போதும் இருப்பதற்கு இறுக்கம் என்று பிரித்துச் சொல்வதே பாதுகாப்பு.

அந்த இறுக்கத்தைக் கையில் உணர்ந்து பார்த்தால் பெயர்களைவிட அதிகம் புரியும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை நீட்டிப் பிடித்து, பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கினால் கணுக்கால் ஓரளவு வளைந்துகொடுக்கும். அதையே வெடுக்கென்று செய்தால் பாதி வழியில் கொக்கி போட்டதுபோல் நிற்கும். பிஸியோதெரபிஸ்டுகள் இதை ‘கேட்ச்’ என்பார்கள். இழுக்கும் வேகம் கூடக்கூடத் தசை எதிர்ப்பதுதான் ஸ்பாஸ்டிசிட்டி என்று 1980இல் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் வரையறுத்தார். மெதுவாக இழுத்தும் அதே இடத்தில் நின்றுவிட்டால் அது வேறு: தசை நிரந்தரமாகக் குறுகிவிட்டது. அந்த நிலைக்குக் கான்ட்ராக்சர் என்று பெயர். முதலாவதற்கு, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி பயன்படும். விளைவு சுமார் 3 மாதம், அதற்குள் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் (மூட்டைத் தாங்கி நிறுத்தும் கருவி) சேர வேண்டும். இரண்டாவதற்கு ஊசி போட்டுப் பயனில்லை. மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டோ அறுவை செய்தோதான் நீட்ட முடியும்.

இனி ‘வாதம்’. சித்த மருத்துவம் உடலின் அடிப்படையாகச் சொல்லும் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் முதலாவதே வாதம். அது வாத நோய்களை எண்பதாகக் கணக்கிடும். அதனால் தமிழில் இந்தச் சொல் வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே விடுகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் பக்கவாதம், மூட்டு வீங்கினால் முடக்குவாதம், போலியோ வந்தால் இளம்பிள்ளை வாதம். இந்தக் கடைசிச் சொல்தான் அதிகம் குழப்பியது. போலியோ கிருமி தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. கால் சூம்பித் துவளும், தாங்கிப் பிடிக்க காலிப்பர் வேண்டும். சி.பி.யில் பழுது மூளையில், கால் இறுகுகிறது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத பகுதியாகச் சான்று பெற்றது. நோய் போய்விட்டது, அது விட்டுச்சென்ற எதிர்பார்ப்பு போகவில்லை: ‘வாதம்னா எண்ணெய் போட்டு நல்லா உருவிவிட்டா சரியாகும்.’

இதமாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. குழந்தைக்குச் சுகமாகவும் இருக்கும். வேகமாக உருவுவதும் காலை வெடுக்கென்று இழுத்து அகட்டுவதும்தான் கெடுதல். வேகம் கூடினால் இறுக்கம் கூடும் என்று மேலே சொன்னோம். அதோடு, நிற்காத குழந்தையின் எலும்பில் அடர்த்தி குறைவு. முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிவது இப்படித்தான் நடக்கிறது. பேச்சு வராத குழந்தையால் வலியைச் சொல்ல முடியாது. ஒரு கால் திடீரென வீங்கினாலோ, துணி மாற்றும்போது புதிதாக வீறிட்டு அழுதாலோ உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

‘செரிப்ரல்’ என்ற முன்பகுதியிலும் ஒரு நெளிவு உண்டு. லத்தீனில் செரிப்ரம் என்றால் மூளை, அவ்வளவுதான். உடற்கூற்றியலார் பின்னர் அதை மேல்பகுதிக்கு மட்டும் ஒதுக்க, செரிபெல்லம் என்ற ‘குட்டி மூளை’ தனியானது. தமிழில் பெருமூளை, சிறுமூளை. எனவே பெருமூளை வாதம் என்பது சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்கு முழுச் சரியில்லை. தள்ளாடி நடக்கும் அடாக்சிக் வகையில் பழுது பெரும்பாலும் சிறுமூளையைச் சார்ந்தது. கை தானாக நெளிந்துகொண்டே இருக்கும் அதெடாய்டு வகையில் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்கள் பாதிக்கப்படுகின்றன. பிறந்த சில நாட்களில் மஞ்சள்காமாலை கட்டுமீறினால் சேதமாவது இந்தத் திரள்கள்தாம். நேரத்தில் நீல விளக்கில் வைத்தால் தடுக்கக்கூடியது என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘மூளை’ என்ற சொல் வீட்டில் வேறு வேலையும் செய்கிறது. மூளை என்றால் புத்தி என்று தமிழில் பொருள் போய்விட்டதால், மூளை வாதம் என்றதும் புத்தி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சி.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு. மறு பாதிக்கு இல்லை. நான்கில் ஒருவருக்குப் பேச்சு வராது. பேசாத குழந்தைக்குப் புரியாது என்று எண்ணுவதால், பேச்சுக்குப் பதிலாக உதவும் படஅட்டையும் கண்ணசைவுப் பலகையும் பல ஆண்டு தள்ளிப்போகின்றன. நெளிவு வகைக் குழந்தைகளே இதில் அதிகம் ஏமாற்றப்படுகிறவர்கள். முகம் கோணும், எச்சில் வழியும், ஆனால் நாம் பேசுவது அவர்களில் பலருக்கு முழுக்கப் புரியும்.

இந்த நிலையை முறையாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். 1861இல் மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தில் அவர் படித்த கட்டுரை மறு ஆண்டு அச்சானது. கடினப் பிரசவமே காரணம் என்றார் அவர். அதனால் நெடுநாள் ‘லிட்டில் நோய்’ என்றே வழங்கியது. இன்றைய பெயர் பரவ, 1889இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் தம் நூலுக்கு அதைச் சூட்டியது பெரிதும் உதவியது. 1897இல் சிக்மண்ட் ஃபிராய்ட் (ஆம், கனவுக்குப் பொருள் சொன்னவரேதான்) வேறொரு கேள்வி எழுப்பினார்: கருவிலேயே மூளையில் கோளாறு இருந்து, அதன் விளைவாகப் பிரசவம் கடினமாகியிருக்கலாமே? பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஃபிராய்ட் பக்கமே சாய்ந்தன. பிறந்ததும் அழாதது ஒரு காரணம்தான், ஒரே காரணமாகாது. குறைமாதப் பிறப்பு, கருவில் தொற்று, மூளை அமைப்புக் கோளாறு, மரபணு என்று பட்டியல் நீளம். பிரசவ அறையில் என்ன நடந்தது என்று தாயை ஆண்டுக்கணக்கில் குடைவதில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

‘ஸ்பாஸ்டிக்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் அது பள்ளிக்கூட வசவாகிவிட்டதால், அங்குள்ள ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1994இல் ஸ்கோப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சென்னையில் 1985இல் தொடங்கிய இதே பெயர்கொண்ட அமைப்பு இன்று வித்யா சாகர். தரமணியிலுள்ள தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி பழைய பெயரிலேயே இருக்கிறது. தமிழில் அந்தச் சொல் வசவானதில்லை, ‘முடம்’தான் ஆனது.

இன்று ஏற்கப்பட்ட வரையறையைத் தமிழில் சொன்னால்: வளரும் மூளையில் ஏற்பட்ட, தானாக மேலும் பெருகாத ஒரு பழுதால், அசைவும் உடல்நிலைப்பும் நிரந்தரமாகப் பாதிக்கப்படுதல். ‘பெருகாத’ என்பதைக் கவனிக்க வேண்டும். மூளைப் பழுது அப்படியே நிற்கும், உடல் நிற்காது. எலும்பு வளர, இறுகிய தசை பின்தங்க, இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். நடக்கும் குழந்தையிடம் இந்த ஆபத்து மிகக் குறைவு. இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பதில் மிகக் கடுமையான, தலைகூட நிற்காத ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர்வரை இது நேர்கிறது. வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. 12 முதல் 24 மாதத்துக்குள் முதல் இடுப்பு எக்ஸ்ரே, கடுமையான நிலைகளில் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்கு வெளியே 30 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இடுப்பில் இரு காலையும் அகட்டி உட்காரவைத்துத் தூக்கும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. கத்தரி போல் பின்னும் கால்கள் அப்போது பிரிந்து நிற்கும். தோளில் சாய்த்து விறைப்பாகத் தூக்குவதைவிட இது மேல்.

மாறாக, கற்றது மறந்துபோனால், உட்கார்ந்த குழந்தை உட்காராமல் போனால், சி.பி. என்ற பெயரையே மறுபடி சோதிக்க வேண்டும். காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு லெவோடோப்பா மாத்திரையால் தீரக்கூடிய வேறு நோய் இருக்கலாம். அதுவும் சி.பி. என்ற முத்திரையோடு பல ஆண்டு கிடப்பதுண்டு.

அடையாளங்களில் சில மருத்துவமனைக்கு முன் வீட்டில்தான் தெரியும். நான்கு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடியே இருக்கிறது, துணி மாற்றும்போது தொடை பிரியவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுகிறது. இந்தக் கடைசியைப் ‘பிள்ளை இடக்கைப் பழக்கம்’ என்று ரசிப்பவர்கள் உண்டு. ஒரு வயதுக்குள் குழந்தைக்குக் கைப்பழக்கம் வராது. மறு கை வேலை செய்யவில்லை என்றுதான் பொருள். முதல் மாதங்களில் குழந்தை துவண்டும் இருக்கலாம், இறுக்கம் பிறகே வரும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போக ‘சி.பி.’ என்று யாரும் எழுதித்தரக் காத்திருக்க வேண்டியதில்லை.

உணவு ஊட்டுவதில் நடக்கும் தவறு பழக்கத்தால் வருவது. நீட்டிய காலில் குழந்தையை மல்லாக்கப் போட்டுப் பாலாடையில் ஊற்றுகிறோம். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். பாலும் கஞ்சித்தண்ணியும் நேரே நெஞ்சுக்குள் போகும். அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவதற்கும், சாப்பிட்டதும் தொண்டை களகளவென்று ஒலிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இருமாமலேயே உள்ளே போவதும் உண்டு. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் 90 பாகையில், முகவாய் சற்றே உள்வாங்கி உட்காரவைக்க வேண்டும். தட்டையான கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, நேராக வெளியே எடுக்க வேண்டும். மேலுதட்டில் வழித்தால் தலை பின்னால் போய்விடும். நீர்மத்தைவிடக் குழைவான உணவு கட்டுப்படும். ஒரு வேளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் எடையைப் பார்த்து, வேறு வழி பேச வேண்டிய நேரம்.

சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கருவி) மாட்டும்போது குதிகால் அடியில் பதிந்த பிறகே கணுக்கால் பட்டையை இழுக்க வேண்டும். கழற்றிய அரை மணிக்குப் பிறகும் சிவந்த தடம் மறையாவிட்டால் அளவு சரியில்லை.

எந்தச் சொல்லை எழுதுவது? எங்கள் சாய்வு மூளை முடக்குவாதம் பக்கம். முடக்குதல் என்றால் மடக்குதல். ‘காலை முடக்கிப் படு’ என்கிறோம். மடங்கிய முழங்கையையும் மடங்கிய முட்டியையும் அந்தச் சொல் கண்முன் காட்டுகிறது. மூட்டுநோயோடு மோதாமல் இருக்க ‘மூளை’ என்ற முன்னொட்டு போதும். பெருமூளை வாதம் புத்தகத்துக்கு நயமாக இருக்கலாம், ஆனால் சிறுமூளையை வெளியே தள்ளிவிடுகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ்ப் பெயருடன் செரிப்ரல் பால்சி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் இருப்பது அந்தப் பெயர். சான்றிதழில் வெறும் ‘கை கால் ஊனம்’ என்றோ ‘வளர்ச்சித் தாமதம்’ என்றோ இருந்தால், அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்குப் போகும்போது வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு.