பல்லா, பொடியா? ஃபைபரை எதனால் அறுப்பது

காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடத்துக்குப் போனால் ரெசின் எனும் இறுகும் பிசினின் வாடையும் வெள்ளைத் தூசியும்தான் முதலில் வரவேற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை இந்தப் படகுகள். ஊருக்குள் குளியலறைக் கதவும் மொட்டைமாடி ஷீட்டும் அதே பொருள்தான். கதவின் அடியில் அரை அங்குலம் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: வட்டத் தட்டைச் சுழற்றி அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, அதில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் இரும்பு அறுக்கும் டிஸ்க்கை வைத்தே வேலையை முடிப்பது. கதவு அறுபடும், சந்தேகமில்லை. ஆனால் ஓரம் கருகும், அறை முழுக்கத் தூசி நிறையும், அறுத்தவர் இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

ஃபைபர் என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. உள்ளே கண்ணாடி இழைகள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பாலியெஸ்டர் ரெசின். ரெசினால் பிளேடுக்குப் பெரிய தொல்லை கிடையாது. தொல்லையெல்லாம் கண்ணாடியால்தான்.

எஃகுப் பல் மரத்தைச் சீவி எடுக்கும். கண்ணாடியைச் சீவ முடியாது. இழை கொஞ்சம் வளைந்து, பட்டென்று முறியும். முறிந்த நுனிகள் பல்லின் முனையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முனை மழுங்கியதும் அறுப்பு நின்று உரசல் தொடங்குகிறது; உரசினால் சூடு. ஃபைபர் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும், எஃகோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சூடு வெட்டுவாயிலேயே தங்கிப் பிளேடுக்குள் ஏறுகிறது. சாதாரணக் கார்பன் எஃகு 200 டிகிரியைத் தாண்டும்போதே கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும். பாலியெஸ்டர் ரெசின் பிவிசி போல உருகுவதும் இல்லை. இளகி, அப்புறம் கருகும். கருகல் வாடை வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் பலம் கொடுத்து அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதனால் சூடு கூடுமே தவிர வேலை நகராது.

கீறல் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5.5 முதல் 6 வரை. டங்ஸ்டன் கார்பைடு சுமார் 9, வைரம் 10. ஃபைபருக்கு ஏற்ற பிளேடுகளில் பெரும்பாலும் பல்லே இருக்காது என்பதற்குக் காரணம் இதுதான். ஓரத்தில் உப்புத்தாள் ஒட்டியது போலக் கார்பைடு அல்லது வைரப் பொடி பதித்திருப்பார்கள். ஒவ்வொரு பொடித்துகளும் இழையைத் துளித்துளியாக முறித்துக்கொண்டு போகும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மின்ரம்பமான ஜிக்சாவுக்கும் கார்பைடுப் பொடி பிளேடு உண்டு. வளைவு வெட்டுக்கு அதை விடச் சிறந்தது எதுவும் இல்லை என்பது என் கருத்து. நீளமான நேர்வெட்டுக்கு டயமண்ட் பிளேடு. டைல்ஸுக்கு விற்பதே போதும், ஆனால் ஓரம் இடைவெளி இல்லாமல் வட்டமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இடையிடையே வெட்டு விட்ட ஓரம் ஃபைபரின் விளிம்பைப் பெயர்க்கும்.

சின்ன வேலைக்கு, கையால் இழுத்து அறுக்கும் இரும்பு ரம்பமான ஹேக்சாவே போதும். எந்நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளின் தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய தொழில் விதி. 3 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு சரியாக வரும். சீக்கிரம் மழுங்கும், விலை குறைவு, மாற்றிக்கொள்ளலாம்.

மர ரம்பத்தின் பல் சக்கரத்தை மட்டும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டவே கூடாது. பல் எங்காவது சிக்கினால் கிரைண்டர் ஆளை நோக்கித் திரும்பிவிடும். கையும் கழுத்தும் போன விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

அடுத்து வேகம். 4 அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஜிக்சா பிளேடு முழு வேகத்தில் ஏறி இறங்கினாலும் சராசரியாக வினாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர்தான். கிரைண்டர் பொருளை நுணுக்கி அறை முழுக்க வீசும். ஜிக்சாவின் தூள் கரடுமுரடாகப் பெரும்பாலும் காலடியிலேயே விழும். நேரம் கொஞ்சம் கூடினாலும் நான் ஜிக்சா பக்கம்தான்.

ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் கவலைக்குரியது. 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்கச் சில நிமிடம் எடுக்கும். 2 மைக்ரான் துகளுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். தூசி அடங்கிவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றும்போதும் அது மூக்கு உயரத்தில்தான் மிதந்துகொண்டிருக்கும். இழைகள் ஆஸ்பெஸ்டாஸ் போல நீளவாக்கில் பிளந்து மெல்லியதாவதில்லை, குறுக்கேதான் முறியும். அதனால் பெரும்பாலானவை நுரையீரலின் ஆழம் வரை போக முடியாத தடிமனிலேயே இருக்கின்றன. இவ்வகை இழை புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட அறிக்கையில் முடிவு செய்தது. ஆனால் நுணுங்கிய ரெசின் தூளுக்கு அந்தத் தடை இல்லை, அது ஆழமாகவே போகும். முகத்தில் கட்டும் துண்டு அதை நிறுத்தாது. என்95 மாஸ்க், நான்கு பக்கமும் மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். கூலிக்கு வருபவரிடம் மாஸ்க் இல்லையென்றால் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. வெயிலில் வியர்க்கிறது என்று அவர் சட்டையைக் கழற்றினால், நிழலிலோ காலை வேளையிலோ வேலையை வைக்க வேண்டியது நாம்தான்.

ஹேக்சாவால் அறுக்கும்போது தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. மின்சாரக் கருவியோடு அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும். ஜிக்சாவின் பல் பிளேடு மேல்நோக்கி இழுப்பதால் மேல்பக்க ஓரம் பிசிறும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நல்ல பக்கத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கையைத் தேய்க்காமல் முதலில் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். தேய்த்தால் இழை தோலுக்குள் இறங்கும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்து, வாளியையும் நன்றாக அலசுங்கள். இல்லையென்றால் அதில் அடுத்து நனையும் குழந்தைத் துணியிலும் அரிப்பு வந்துவிடும்.